வட சென்னையில் மின்னூர்தி மின்னேற்றல்

வட சென்னையில் மின்னூர்தி மின்னேற்றல் என்பது, சென்னை மாநகரின் வட பகுதியிலுள்ள துறைமுக, தொழிற்சாலை வட்டாரங்களில் மின்கலத்தால் இயங்கும் ஊர்திகளுக்கு மின்னேற்றம் செய்யும் வழிகளையும், அவற்றுக்கு நடுவண் அரசும் தமிழ்நாடு அரசும் வழங்கும் சலுகைகளையும் குறிக்கும். இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகியன இவ்வட்டாரத்தின் முதன்மையான பகுதிகள் ஆகும்.

சொந்தமாக ஊர்தி நிறுத்துமிடம் உள்ளவர் வீட்டிலேயே மின்னேற்றிக் கொள்ளலாம். பொது மின்னேற்றல் நிலையம் அவருக்கு வெளியூர்ப் பயணத்தின்போது உதவும் கூடுதல் வசதி மட்டுமே. வட சென்னையிலோ ஊர்தியைத் தொழிலாகக் கொண்டு, இரவில் அதைத் தெருவில் நிறுத்தும் தானி (ஆட்டோ) ஓட்டுநர், பொருள் கொண்டு சேர்ப்பவர், சரக்குந்து உரிமையாளர் ஆகியோர் மிகுதி. அவர்களுக்குப் பொது மின்னேற்றல் நிலையமே அடிப்படைத் தேவை ஆகும். எனவே நிலையங்கள் எத்தனை என்பதைப் போலவே, அவை எங்கே அமைகின்றன, எவ்வகை ஊர்திக்குப் பொருந்துகின்றன, எந்த நேரத்தில் என்ன கட்டணம் என்பனவும் இங்கு முக்கியமானவை.

பின்னணி

இடம்

பெருநகர சென்னை மாநகராட்சியின் 1 ஆம் மண்டலம் திருவொற்றியூர், 2 ஆம் மண்டலம் மணலி, 4 ஆம் மண்டலம் தண்டையார்பேட்டை, 5 ஆம் மண்டலம் இராயபுரம் ஆகும். எண்ணூர் அடங்கிய கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011 இல் மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை தனி நகராட்சிகளாக இருந்தன.

வட்டாரத்தின் தெற்கு எல்லையில் சென்னைத் துறைமுகமும், அதற்கு வடக்கே சுமார் 24 கி.மீ. தொலைவில் எண்ணூர் காமராசர் துறைமுகமும் உள்ளன. இவற்றுக்கு இடையே மணலி எண்ணெய் தூய்விப்பு ஆலை, உர ஆலைகள், சரக்குப் பெட்டக முனையங்கள், எண்ணெய்க் கிடங்குகள் ஆகியன அமைந்துள்ளன. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலைகளிலும் சரக்குப் பெட்டகங்களை ஏற்றிய டிரெய்லர்கள் ஓயாது ஓடுகின்றன. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 இல் வெளியிட்ட மதிப்பீட்டில் மணலி, கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது.

மின் உற்பத்தி

சென்னையின் மின் தேவையில் ஒரு பகுதியை நிறைவு செய்யும் அனல் மின் நிலையங்கள் இவ்வட்டாரத்திலும் அதன் எல்லையை ஒட்டியும் உள்ளன.

* எண்ணூர் அனல் மின் நிலையம்: 450 மெகாவாட். 1970 இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2017 மார்ச்சு 31 அன்று மூடப்பட்டது.
* வட சென்னை அனல் மின் நிலையம், அத்திப்பட்டு: முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200 மெகாவாட். 800 மெகாவாட் திறன் கொண்ட மூன்றாம் நிலை 2024 மார்ச்சு மாதம் தொடங்கி வைக்கப்பட்டது.
* வல்லூர் அனல் மின் நிலையம்: 1,500 மெகாவாட். தேசிய அனல் மின் கழகமும் தமிழ்நாட்டு மின் வாரியமும் இணைந்து நிறுவியது.

ஊர்தித் தொழில்

இந்திய ஊர்தித் தொழிலின் பழைய மையங்களுள் ஒன்று வட சென்னை. 1948 இல் அசோக் மோட்டார்சு என்ற பெயரில் நிறுவப்பட்ட அசோக் லேலண்டு நிறுவனத்தின் முதல் தொழிற்சாலை எண்ணூரில் உள்ளது. அந்நிறுவனம் தன் முதல் மின்பேருந்தை 2016 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. ராயல் என்பீல்டு விசையுந்துகளின் இந்திய உற்பத்தி 1950களில் திருவொற்றியூரில் வேரூன்றியது. அந்நிறுவனமும் 2024 நவம்பரில் 'பிளையிங் பிளீ' என்னும் மின் விசையுந்தை வெளிப்படுத்தியது.

வரலாறு

மின்சாரத்தால் இயங்கும் போக்குவரத்து சென்னைக்குப் புதிதன்று. 1895 இல் இந்நகரில் ஓடத் தொடங்கிய மின் டிராம் இந்தியாவின் முதல் மின் டிராம் ஆகும். அது 1953 வரை இயங்கியது. கடற்கரை – தாம்பரம் புறநகர்த் தொடர்வண்டிப் பாதை 1931 இல் மின்மயமானது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ இரயில் நீட்டிப்பு 2021 பெப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. இவை யாவும் ஓடும்போதே கம்பி அல்லது தடத்திலிருந்து மின்சாரத்தைப் பெறுபவை. மின்கலத்தில் சேமித்த மின்சாரத்தால் இயங்கும் ஊர்திகளுக்கான ஏற்பாடு அண்மைக் காலத்தது.

நடுவண் அரசின் 'பேம்' திட்டம் 2015 ஏப்பிரலில் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2019 ஏப்பிரல் முதல் 2024 மார்ச்சு வரை நடைமுறையில் இருந்தது. அதன்கீழ் 2020 சனவரியில் 62 நகரங்களுக்கு 2,636 மின்னேற்றல் நிலையங்கள் ஒப்புதல் பெற்றன. அவற்றுள் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை 256. 2023 மார்ச்சில், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மூன்றின் விற்பனை நிலையங்களில் 7,432 விரைவு மின்னேற்றல் நிலையங்களை அமைக்க 800 கோடி உரூபாய் ஒதுக்கப்பட்டது.

தமிழ்நாடு அரசு தன் முதல் மின்னூர்திக் கொள்கையை 2019 செப்டம்பரிலும், திருத்திய கொள்கையை 2023 பெப்ரவரியிலும் வெளியிட்டது. பின்னது சென்னை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறு நகரங்களை மின்னூர்தி முன்னோடி நகரங்களாகக் குறித்தது. 2024 இல் மாநில மின் நிறுவனம் மறுசீரமைக்கப்பட்டபோது, மின் வழங்கல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்கும், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் தொடர்பான பணிகள் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்துக்கும் பிரிக்கப்பட்டன.

மின்னேற்றலின் அடிப்படை

மின்னேற்றலைப் புரிந்து கொள்ள இரு அளவுகள் போதும். மின்கலம் எவ்வளவு ஆற்றலைச் சேமிக்கும் என்பது கிலோவாட் மணி என்னும் அளவில் குறிக்கப்படும். மின் கட்டணப் பட்டியலில் காணும் ஓர் 'அலகு' (யூனிட்) என்பதும் இதுவே. மின்னேற்றி எவ்வளவு விரைவாக அந்த ஆற்றலை வழங்கும் என்பது கிலோவாட் அளவில் குறிக்கப்படும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மின்னேற்ற நேரம் ஏறத்தாழக் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 3 அலகு கொள்ளும் ஸ்கூட்டர் மின்கலத்தை 0.75 கிலோவாட் மின்னேற்றியில் நிரப்ப நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும்.

மின்கலம் நேர் மின்னோட்டத்தை மட்டுமே ஏற்கும். வீட்டு இணைப்பில் வருவது மாறு மின்னோட்டம். மெதுவான மின்னேற்றலில் ஊர்தியுடன் வரும் கருவி அதை மாற்றிக் கொள்கிறது. விரைவு மின்னேற்றலில் நிலையத்திலுள்ள பெரிய கருவியே மாற்றி, நேர் மின்னோட்டமாக வழங்குகிறது. எனவேதான் விரைவு நிலையம் அமைக்கச் செலவு அதிகம்.

| வகை | திறன் | பொருத்தமான ஊர்தி |
|---|---|---|
| சாதாரண வீட்டுச் செருகி | 1 முதல் 3 கிலோவாட் வரை | ஸ்கூட்டர், தானி |
| பாரத் ஏ.சி.-001 | 3.3 கிலோவாட் வீதம் மூன்று இணைப்புகள் | ஸ்கூட்டர், தானி, தொடக்க கால மகிழுந்து |
| டைப்-2, மாறு மின்னோட்டம் | 7.4 முதல் 22 கிலோவாட் வரை | மகிழுந்து |
| பாரத் டி.சி.-001 | 15 கிலோவாட் | குறைந்த மின்னழுத்த ஊர்திகள் |
| சி.சி.எஸ்.-2, நேர் மின்னோட்டம் | 25 முதல் 240 கிலோவாட் வரையும் அதற்கு மேலும் | மகிழுந்து, பேருந்து, சரக்குந்து |

மகிழுந்துகள் பெரும்பாலும் சி.சி.எஸ்.-2 இணைப்புக்கு மாறிவிட்டன. ஆனால் இருசக்கர ஊர்திகளின் இணைப்பு வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டு வந்தது. 2023 இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு, இலகு மின்னூர்திகளுக்கான ஒருங்கிணைந்த இணைப்புத் தரத்தை ஐ.எஸ். 17017 வரிசையில் வெளியிட்டது. இது சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய ஏத்தர் நிறுவனத்தின் இணைப்பு வடிவத்தைத் தழுவியது. இத்தரத்தைப் பின்பற்றுவது கட்டாயமாக்கப்படவில்லை. ஆகவே, ஒரு நிலையம் அருகில் உள்ளது என்பதாலேயே அது எல்லா ஊர்திக்கும் பயன்படும் எனக் கொள்ளலாகாது.

மின்னேற்றும் வழிகள்

வீட்டு மின்னேற்றல்

வீட்டிலுள்ள மின் இணைப்பிலிருந்தே ஊர்திக்கு மின்னேற்றலாம். இதற்குத் தனி உரிமம் தேவையில்லை. அந்த இணைப்புக்கு உரிய கட்டணமே பொருந்தும். 2024 பெப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், மின்னேற்றலுக்கெனத் தனி இணைப்புக் கோரும் உரிமையையும் நுகர்வோருக்கு வழங்குகின்றன. பெருநகரப் பகுதிகளில் புதிய இணைப்பு வழங்குவதற்கான கால வரம்பும் அத்திருத்தத்தில் ஏழு நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைக்கப்பட்டது.

நாளொன்றுக்கு 30 கி.மீ. ஓடும் ஸ்கூட்டருக்கு ஏறத்தாழ ஓர் அலகு, அதாவது இரு மாதத்துக்கு 60 அலகு தேவைப்படும். நாளொன்றுக்கு 100 கி.மீ. ஓடும் மின்தானிக்குச் சுமார் 8 அலகு, அதாவது இரு மாதத்துக்கு 480 அலகு தேவைப்படும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 அலகு கட்டணமில்லை. ஆயினும், இரு மாதப் பயன்பாடு 500 அலகைத் தாண்டினால், உயர்ந்த கட்டண அடுக்குகள் பொருந்தும். வீட்டுப் பயன்பாட்டுடன் தானியின் பயன்பாடும் சேரும்போது இந்த எல்லை எளிதில் கடக்கப்படும். எனவே தானி உரிமையாளர் தனி இணைப்பின் கட்டணத்தையும் பொது நிலையத்தின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

பொது மின்னேற்றல் நிலையம்

பொது நிலையங்கள் பெரும்பாலும் எண்ணெய் நிறுவனங்களின் விற்பனை நிலையங்கள், வணிக வளாகங்கள், தங்கும் விடுதிகள், ஊர்தி விற்பனையகங்கள், மெட்ரோ நிலைய நிறுத்தகங்கள் ஆகிய இடங்களில் அமைகின்றன. வணிக வளாகங்களும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களும் நகரின் தெற்கிலும் நடுவிலும் மிகுதி. ஆகையால் தனியார் நிலையங்களும் இயல்பாக அங்கேயே செறிகின்றன. வட சென்னையில் எண்ணெய் விற்பனை நிலையங்களும், சுங்கச்சாவடி, திருவொற்றியூர், விம்கோ நகர் முதலிய மெட்ரோ நிலையங்களின் சுற்றுப்புறங்களும் இதற்கு ஏற்ற இடங்கள் ஆகும்.

நிலையங்களின் இருப்பிடத்தை அறிய, ஆற்றல் திறன் பணியகம் 2022 திசம்பரில் 'ஈவி யாத்ரா' என்னும் இணையதளத்தையும் செயலியையும் வெளியிட்டது. புறப்படுமுன் நிலையத்தின் இணைப்பு வகை, செயல்படும் நேரம், கட்டணம் ஆகியவற்றைப் பார்த்துக் கொள்வது நல்லது. பொது நிலையத்தின் மின்னேற்றல் சேவைக்கு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு.

மின்கல மாற்றம்

தீர்ந்த மின்கலத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிரம்பிய ஒன்றைப் பெற்றுக் கொள்ளும் முறை மின்கல மாற்றம் எனப்படும். இதற்குச் சில நிமிடங்களே ஆகும். ஊர்தி நிறுத்த இடமில்லாதவருக்கும், நாள் முழுதும் ஓட்டுபவருக்கும் இது பொருந்தும். 2020 ஆகத்தில் நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், மின்கலம் இல்லாமலேயே ஊர்தியை விற்கவும் பதிவு செய்யவும் வழிவகுத்தது. இதனால் ஊர்தியின் தொடக்க விலை குறையும். ஆனால் ஒரு நிறுவனத்தின் மின்கலம் மற்றொன்றின் அமைப்பில் பொருந்தாததால், ஓட்டுநர் அந்த நிறுவனத்தின் மாற்று நிலையங்களையே சார்ந்திருக்க நேரும்.

பணிமனை மின்னேற்றல்

இது பொதுமக்களின் ஊர்திகளுக்கு உரியதன்று. எனினும் வட சென்னையில் காணப்படும் மிகப் பெரிய மின்னேற்றல் ஏற்பாடு இவ்வகையைச் சேர்ந்தது. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகளின் சேவையை 2025 சூன் 30 அன்று அப்போதைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். உலக வங்கி உதவியுடனான திட்டத்தின்கீழ் முதற்கட்டமாக இயக்கத் திட்டமிடப்பட்ட 625 மின்பேருந்துகளின் முதல் தொகுதி இது. ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 200 கி.மீ. செல்லும் இப்பேருந்துகளை அசோக் லேலண்டு குழுமத்தின் சுவிட்ச் மொபிலிட்டி தயாரித்தது. ஒப்பந்த நிறுவனம் பேருந்துகளைப் பராமரித்து இயக்க, ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பப் போக்குவரத்துக் கழகம் பணம் செலுத்துகிறது.

சட்டமும் விதிகளும்

2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மின்சாரத்தை விற்க உரிமம் வேண்டும். மின்னேற்றல் நிலையம் நடத்துவது மின்சார விற்பனையா என்ற ஐயம் எழுந்தபோது, அது சேவையே, விற்பனையன்று என 2018 ஏப்பிரலில் நடுவண் மின் அமைச்சகம் விளக்கம் அளித்தது. இதன் விளைவாக, விதிக்கப்பட்ட தொழில்நுட்ப, பாதுகாப்புத் தரங்களைப் பின்பற்றும் எவரும் பொது நிலையம் நடத்தலாம்.

2024 செப்டம்பரில் வெளியான நடுவண் மின் அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் பின்வருவனவற்றை இலக்காகக் கொள்கின்றன:

* நகர்ப்புறங்களில் 2030 ஆம் ஆண்டுக்குள் ஒவ்வொரு 1 கி.மீ. × 1 கி.மீ. கட்டத்திலும் குறைந்தது ஒரு மின்னேற்றல் நிலையம்.
* நெடுஞ்சாலைகளின் இருபுறமும் 20 கி.மீ. தொலைவுக்கு ஒரு நிலையம்.
* பேருந்து, சரக்குந்து போன்ற கன ஊர்திகளுக்கு 100 கி.மீ. தொலைவுக்கு ஒரு நிலையம்.

புதிய கட்டடங்களின் ஊர்தி நிறுத்தத்தில் 20 விழுக்காடு இடத்தை மின்னேற்றலுக்கு ஏற்றதாக அமைக்க வேண்டும் என்று 2019 இல் திருத்தப்பட்ட நடுவண் மாதிரிக் கட்டட விதிகள் பரிந்துரைக்கின்றன. இது புதிய கட்டடங்களுக்கே பயன்படும். இராயபுரத்தின் பழைய வீடுகளுக்கும், எர்ணாவூர் முதலிய இடங்களில் உள்ள அடுக்குமாடி மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கும் இதனால் நேரடிப் பயன் இல்லை.

கட்டணம்

மேற்கண்ட நெறிமுறைகளின்படி, பொது நிலையத்துக்கு மின் பகிர்மான நிறுவனம் வழங்கும் மின்சாரத்தின் கட்டணம் ஒரே பகுதி கொண்டதாக இருக்க வேண்டும். 2028 மார்ச்சு 31 வரை அது சராசரி வழங்கல் செலவை மிஞ்சலாகாது. சூரிய ஒளி நேரமான காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை அச்செலவின் 0.7 மடங்கும், பிற நேரங்களில் 1.3 மடங்கும் கணக்கிடப்பட வேண்டும். தமிழ்நாட்டிலும் பொது மின்னேற்றல் நிலையங்களுக்குத் தனிக் கட்டண வகை உண்டு. நேரத்துக்கு ஏற்ப விகிதம் மாறும். நிலையம் நடத்துபவர் தன் சேவைக் கட்டணத்தையும் வரியையும் சேர்த்தே ஓட்டுநரிடம் பெறுகிறார்.

இந்த நேர வேறுபாடு தொழில்முறை ஓட்டுநருக்குப் பயன்தரக்கூடியது. தானிகளுக்குக் காலையிலும் மாலையிலும் பயணிகள் மிகுதி. நண்பகலில் ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வு நேரமும் மலிவான கட்டண நேரமும் ஒன்றே. ஆனால் தானி நிறுத்தத்துக்கு அருகிலேயே மின்னேற்றி இருந்தால்தான் இது கைகூடும். மின்னேற்றுவதற்காக ஐந்து கிலோமீட்டர் ஓட்டிச் சென்று திரும்ப வேண்டுமெனில், மிச்சமாகும் பணமும் நேரமும் வழியிலேயே செலவாகிவிடும்.

சலுகைகள்

நடுவண் அரசு

பி.எம். இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபர் 1 அன்று 10,900 கோடி உரூபாய் ஒதுக்கீட்டுடன் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 2026 மார்ச்சு வரை என இருந்த இத்திட்டம், 2025 ஆகத்தில் 2028 மார்ச்சு வரை நீட்டிக்கப்பட்டது. எனினும் இருசக்கர, மூன்று சக்கர ஊர்திகளுக்கான மானியம் 2026 மார்ச்சு 31 வரை மட்டுமே என அப்போது அறிவிக்கப்பட்டது. இருசக்கர ஊர்திக்கான மானியம் முதலாண்டில் கிலோவாட் மணிக்கு 5,000 உரூபாயாகவும், 2025-26 இல் 2,500 உரூபாயாகவும் இருந்தது.

இத்திட்டத்தில் பொது மின்னேற்றல் நிலையங்களுக்கு 2,000 கோடி உரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. 2025 செப்டம்பரில் வெளியான வழிமுறைகளின்படி மானியம் இடத்தைப் பொறுத்து வேறுபடும்:

* அரசு அலுவலகம், மருத்துவமனை, கல்வி நிறுவனம் போன்ற அரசு வளாகங்கள்: நிலையம் அனைவருக்கும் திறந்திருந்தால் மின்மாற்றி, கம்பி முதலிய அடிப்படை அமைப்புக்கும் மின்னேற்றிக்கும் 100 விழுக்காடு வரை.
* தொடர்வண்டி, மெட்ரோ, பேருந்து நிலையங்கள், பொதுத்துறை எண்ணெய் நிறுவன விற்பனை நிலையங்கள், நகராட்சி நிறுத்தகங்கள், பொதுத்துறைத் துறைமுகங்கள் போன்றவை: அடிப்படை அமைப்புக்கு 80 விழுக்காடு, மின்னேற்றிக்கு 70 விழுக்காடு.
* தெருக்கள், வணிக வளாகங்கள், சந்தைகள் போன்ற பிற இடங்கள்: அடிப்படை அமைப்புக்கு மட்டும் 80 விழுக்காடு.

வட சென்னையைப் பொறுத்தவரை இப்பட்டியலின் முதல் இரு வகைகள் குறிப்பிடத்தக்கவை. இங்கு பெரிய வணிக வளாகங்கள் குறைவு. ஆனால் அரசு மருத்துவமனைகள், மாநகராட்சிப் பள்ளிகள், பேருந்துப் பணிமனைகள், மெட்ரோ நிலையங்கள், இரு துறைமுகங்கள் ஆகியன உள்ளன. அதாவது, மிகுந்த மானியத்துக்குத் தகுதியான இடங்கள் இவ்வட்டாரத்தில் நிறைய உண்டு.

மின் சரக்குந்துக்கான 500 கோடி உரூபாய் ஒதுக்கீட்டின் வழிமுறைகள் 2025 சூலையில் வெளியாயின. ஒரு சரக்குந்துக்கு 9.6 லட்சம் உரூபாய் வரை மானியம் கிடைக்கும். பழைய டீசல் சரக்குந்தை உடைத்ததற்கான சான்றிதழைக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

மின்னூர்திகளுக்கும் மின்னேற்றிகளுக்கும் சரக்கு மற்றும் சேவை வரி 2019 ஆகத்து 1 முதல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அப்போது பெட்ரோல் இருசக்கர ஊர்திகளுக்கு 28 விழுக்காடு இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 கன செ.மீ. வரையிலான பெட்ரோல் இருசக்கர ஊர்திகளுக்கும் சிறு மகிழுந்துகளுக்கும் அது 18 விழுக்காடாகக் குறைந்ததால், மின்னூர்திக்கு இருந்த விலை வாய்ப்பு ஓரளவு சுருங்கியது. மின்னூர்திகளுக்குப் பதிவுச் சான்றிதழ்க் கட்டணத்திலிருந்து 2021 ஆகத்திலும், வாடகைக்கு ஓடும் மின்னூர்திகளுக்கு அனுமதிச் சீட்டுத் தேவையிலிருந்து 2018 அக்டோபரிலும் விலக்கு அளிக்கப்பட்டது.

தமிழ்நாடு அரசு

2019 கொள்கையின்படி மின்னூர்திகளுக்கு மோட்டார் ஊர்தி வரியிலிருந்து முழு விலக்கு 2022 திசம்பர் வரை அளிக்கப்பட்டது. பின்னர் அது 2025 திசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. இத்தகைய விலக்குகள் குறித்த காலத்துக்கே வழங்கப்படுவதால், ஊர்தி வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடப்பு ஆணையை உறுதி செய்து கொள்வது தேவை.

2025-26 வரவு செலவுத் திட்டத்தில், இணையம் சார்ந்து பணிபுரியும் 2,000 தொழிலாளர்களுக்குப் புதிய மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 உரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. உணவும் பொருளும் கொண்டு சேர்க்கும் பணியாளர்களைக் கருதிய அறிவிப்பு இது. 2023 கொள்கையில் வணிகப் பயன்பாட்டு ஊர்திகளுக்கும் மின்னேற்றல் நிலையங்களுக்கும் ஊக்கத்தொகைகள் இடம்பெற்றுள்ளன.

துறைமுகச் சரக்குந்துகள்

சென்னைத் துறைமுகத்துக்கும் பெட்டக முனையங்களுக்கும் இடையே ஓடும் டிரெய்லர்கள் நெடுந்தொலைவு செல்பவை அல்ல. ஆனால் துறைமுக வாயிலில் காத்திருக்கும் நேரம் நீளமானது. டீசல் பொறி வரிசையில் நிற்கும்போதும் எரிபொருளை எரித்துப் புகை கக்கும். மின்மோட்டார் நிற்கும்போது ஏறத்தாழ எதையும் செலவிடாது. குறுகிய தொலைவு, மீண்டும் மீண்டும் அதே பாதை, நீண்ட காத்திருப்பு ஆகிய மூன்றும் மின் சரக்குந்துக்கு ஏற்ற சூழல் ஆகும்.

சுமையேற்றிய மின் டிரெய்லர் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 அலகு செலவிடும் எனக் கொண்டால், சென்னைத் துறைமுகத்திலிருந்து காமராசர் துறைமுகத்துக்குச் சென்று திரும்ப ஏறத்தாழ 75 அலகு ஆகும். 250 அலகு கொள்ளும் மின்கலத்தால் மூன்று சுற்றுகள் போகலாம். அதை 240 கிலோவாட் மின்னேற்றியில் நிரப்ப ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். இத்தகைய மின்னேற்றி பத்து ஒரே நேரத்தில் இயங்கினால் 2,400 கிலோவாட் தேவைப்படும். எனவே இதற்கு உயரழுத்த இணைப்பும் தனி மின்மாற்றியும் வேண்டும். சாலையோரச் சிறு நிலையத்தால் இது இயலாது. மகிழுந்துக்கென அமைத்த நிலையங்களில் 16 மீட்டர் நீள டிரெய்லர் நுழைந்து திரும்பவும் இடம் இராது.

நடுவண் துறைமுக அமைச்சகம் 2023 மே மாதம் வெளியிட்ட 'அரித் சாகர்' வழிகாட்டு நெறிமுறைகள், துறைமுகங்களின் கருவிகளிலும் ஊர்திகளிலும் 50 விழுக்காட்டுக்கு மேல் 2030 ஆம் ஆண்டுக்குள்ளும், 90 விழுக்காட்டுக்கு மேல் 2047 ஆம் ஆண்டுக்குள்ளும் மின்மயமாக வேண்டும் என்கின்றன. மும்பைக்கு அருகிலுள்ள சவகர்லால் நேரு துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் மின்கலம் மாற்றக்கூடிய 50 கன மின் சரக்குந்துகள் இயக்கத்துக்கு வந்தன. சீனாவின் சென்சென் நகரம் 2017 இறுதிக்குள் தன் 16,000 பேருந்துகளையும் மின்மயமாக்கியது. முன்கூட்டியே திட்டமிட்ட பாதையும் தனிப் பணிமனையும் உள்ள ஊர்திகளே விரைவில் மாறுகின்றன என்பதை இவை காட்டுகின்றன.

சென்னையின் டிரெய்லர்களில் பல, ஓரிரு வண்டிகள் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுடையவை. மின் டிரெய்லரின் விலை டீசல் டிரெய்லரின் விலையைப்போல் பல மடங்கு. 9.6 லட்சம் உரூபாய் மானியம் அந்த வேறுபாட்டின் ஒரு பகுதியையே ஈடு செய்யும்.

சிக்கல்கள்

* நிறுத்துமிடம்: இராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை ஆகியவற்றின் தெருக்கள் குறுகியவை. வாடகை வீட்டில் மின்னேற்ற உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். மாடி வீட்டிலிருந்து நீட்டிப்புக் கம்பியைத் தெருவுக்கு இழுத்து மின்னேற்றுவது மின்கசிவுக்கும் தீக்கும் இடமளிக்கும்.
* வெள்ளம்: 2023 திசம்பர் மிக்சாம் புயலின்போது எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பகுதிகள் நீரில் மூழ்கின, வெள்ளத்துடன் எண்ணெயும் கலந்து பரவியது. நிலையங்களை முந்தைய வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்திய மேடையில் அமைப்பதும், தானே துண்டிக்கும் மின்கசிவுக் காப்பு பொருத்துவதும் இங்கு இன்றியமையாதவை.
* உப்புக் காற்று: கடற்கரையை ஒட்டிய நிலையங்களில் இணைப்பு முனைகளும் உலோகப் பெட்டிகளும் விரைவில் அரிக்கப்படும். பராமரிப்பு குறைந்தால், வரைபடத்தில் காணும் நிலையம் நேரில் பயன்படாமல் போகும்.
* மின்கடத்தல் திறன்: பழைய குடியிருப்புப் பகுதிகளின் மின்மாற்றிகள் மாலை நேரத்தில் ஏற்கெனவே முழுச் சுமையில் இயங்கக்கூடும். பலர் வீடு திரும்பியதும் ஒரே நேரத்தில் மின்னேற்றினால் இச்சுமை மேலும் கூடும்.

சுற்றுச்சூழல் விளைவு

இந்திய மின் கட்டமைப்பில் ஓர் அலகு மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. மின் ஸ்கூட்டர் 100 கி.மீ. ஓட மின்னேற்ற இழப்பு உட்பட ஏறத்தாழ 3.5 அலகு தேவை எனில், கிலோமீட்டருக்குச் சுமார் 25 கிராம் ஆகும். லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு இது சுமார் 51 கிராம். எனவே நிலக்கரி மின்சாரம் மிகுந்த இக்காலத்திலும் மின் ஸ்கூட்டரின் வெளியீடு ஏறத்தாழப் பாதியே.

ஆனால் வட சென்னையின் நிலை தனித்தது. பிற இடங்களில் சாலைப் புகை குறையும்போது, அதற்கு ஈடான ஆலைப் புகை தொலைவில் எங்கோ வெளியாகும். இங்கோ சாலையும் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியும் ஒரே வட்டாரத்தில் உள்ளன. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கலப்பது பற்றி மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். இரவில் நிலக்கரி மின்சாரத்தைக் கொண்டு மின்னேற்றினால், சாலையோரத்தில் வாழ்வோருக்குக் கிடைக்கும் பயனில் ஒரு பகுதியை அத்திப்பட்டைச் சுற்றி வாழ்வோர் இழக்கக்கூடும். மாறாக, நண்பகலில் சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும்போது மின்னேற்றினால் இருசாராருக்கும் நன்மை. ஆகவே பகல் நேரக் கட்டணச் சலுகையும், பகலில் ஊர்திகள் நிற்கும் இடத்தில் மின்னேற்றி அமைப்பதும், வேறு எப்பகுதியைக் காட்டிலும் வட சென்னையில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன.

இவற்றையும் பார்க்க

* மின்சார ஊர்தி
* மாநகரப் போக்குவரத்துக் கழகம் (சென்னை)
* எண்ணூர் அனல் மின் நிலையம்
* காமராசர் துறைமுகம்
* சென்னை மெட்ரோ
* அசோக் லேலண்டு